பிள்ளை நடந்த இடம்

மாமா அநுராதபுரத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்து தந்த நடைவண்டிலை, அவர் திரும்பிப் போன மறுநாளே அம்மா நெல்மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு பழஞ்சாக்கைப் போட்டு மூடிவிட்டார். மூன்று மரச்சில்லுகளும், பிடித்து நிற்க ஒரு குறுக்குச் சட்டமும் கொண்ட சின்ன வண்டில். சிவப்புப் பூச்சின் வாசம்கூட இன்னும் மாறியிருக்கவில்லை. பிள்ளை நடை பழகவென்று வாங்கிய பொருளை, நடை பழகும் வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும்போது, ஏன் ஒளிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு, "எலி வராமல் இருக்கட்டும்" என்றார். நடைவண்டிலுக்கும் எலிக்கும் என்ன தொடர்பு என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை அல்ல. அம்மாவின் தம்பியான அந்த மாமாவின் மகள். ஐம்பதுகளின் கடைசியில், உருத்திரபுரத்தில் எங்களுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மாரியில் அம்மாவுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்து, பிறந்த அன்றே இறந்துபோனது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், மாமா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அநுராதபுரத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் அவர் கிளாக்கர். கையில் ஒரு துவாய்ப் பொட்டலம் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு கண்ட காய்ச்சலில் அவருடைய மனைவி போய்விட்டார். துவாய்க்குள் இருந்தது பிள்ளை. மாமா அழவில்லை. "அக்கா, இவள் ஒண்டும் குடிக்கிறாள் இல்லை" என்று மட்டும் சொன்னார். அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகை நின்றது. அம்மாவின் மார்பில் கட்டி நின்று வலித்துக்கொண்டிருந்த பால் அன்றைக்கு ஒருவருக்குப் பயன்பட்டது என்பதை நான் பெரியவளான பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் திரும்பிப் போகும்போது மாமா சொன்னார்: "நடக்கத் துவங்கட்டும் அக்கா. நடக்கிற பிள்ளையெண்டால் நான் எப்பிடியும் சமாளிப்பன். வந்து கூட்டிக்கொண்டு போறன்." அம்மா தலையாட்டினார். அந்த நேரத்தில் நடப்பது என்பது எவ்வளவோ தூரத்தில் இருந்த காரியம். பிள்ளைக்குத் தலையே நிற்கவில்லை.

தலை நின்றது. அம்மா அதைக் கண்ட அன்று, குசினிக்குள் இருந்த என்னையும் வயலுக்குப் புறப்பட்ட ஐயாவையும் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளை உடம்பு பிரட்டினாள். அதற்கும் ஐயாவைக் கூப்பிட்டார். நெஞ்சால் ஊர்ந்தாள், பிறகு தவழ்ந்தாள். தவழத் தொடங்கிய பிறகுதான் அம்மா எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். மாமாவும் வந்திருந்தார். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேலே கொழுக்கட்டையைச் சொரிந்து, முன்னால் புத்தகம், பேனா, கத்தரிக்கோல், கண்ணாடி என்று பரப்பி வைத்து, எதை எடுக்கிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எதையும் எடுக்கவில்லை. தலையிலிருந்து மடியில் விழுந்த கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமா கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்துவிட்டு, "இனி என்ன, எழும்பி நடக்கவேண்டியதுதான்" என்றார். அம்மாவின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றுபோனதை நான் கண்டேன்.

அதன் பிறகு அம்மாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பிள்ளை நித்திரை என்றால் முற்றம் கூட்டுவார். கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டுவார். உலையை வைத்துவிட்டுப் படலைக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார். மாதக் கடைசி நெருங்கினால், மாமா வரும் ரயில் என்றைக்கு என்று ஐயாவிடம் கேட்டதையே கேட்பார். பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் அம்மாவின் இடுப்பில்தான். தண்ணீர் அள்ளும்போதும், அடுப்புக்குப் பக்கத்திலும், வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதும் இடுப்பில்தான். வயலில் களை பிடுங்க வரும் பக்கத்துக் காணிக்காரப் பெண் ஒரு நாள், "நிலத்திலை விடுங்கோவன் அக்கா, கால் ஊண்டட்டும்" என்று சொல்லிப் பார்த்தார். "நிலமெல்லாம் ஈரம். பூச்சி பொட்டு இருக்கும்" என்றார் அம்மா. பூச்சி என்றால் எங்கள் பக்கத்தில் பாம்பு. அப்போது சிறுபோக அறுவடை முடிந்து நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரமென்று சொல்ல வாய்க்காலில்கூடத் தண்ணீர் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஐயா அதிகம் கதைக்காதவர். அவரே ஒரு நாள் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது கேட்டுவிட்டார்: "நீர் அவளைக் காலில்லாத பிள்ளையாய் வளர்க்கப்போறீரோ?"

"அவளுக்கு இன்னும் கால் பலக்கேல்லை" என்றார் அம்மா.

அது பொய். அவளுடைய கால் பலத்திருந்தது ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடுப்பிலிருந்து அவள் உதைக்கிற உதையில் அம்மாவின் சேலைக் கொய்யக மடிப்பு அவிழ்ந்து விழும். ஏணைத் தொட்டிலில் கிடத்தினால் எழுந்து நின்று கயிற்றைப் பிடித்து ஆட்டுவாள். ஒரு பிள்ளையின் உடம்பு வளரத்தான் செய்யும். அதை இடுப்பில் வைத்து நிறுத்த ஒருவராலும் முடியாது.

அவள் நடந்த நாளில் மாமாவின் இரண்டாவது கலியாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா குசினியில் தேங்காய் துருவுவதற்காக அவளை இறக்கி, சாப்பாட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார். நான் வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் அலுமாரியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். பிடியை விட்டாள். இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு அம்மாவை நோக்கி வந்தாள். அம்மா திருவலையிலிருந்து எழுந்த வேகத்தில் தேங்காய்ப்பூப் பாத்திரம் கவிழ்ந்தது. பிள்ளை தன்னை வந்து சேரும்வரை அம்மா பொறுக்கவில்லை. பாதி வழியிலேயே அள்ளித் தூக்கிக்கொண்டார். நடை தடைப்பட்ட கோபத்தில் அவள் முதுகை வளைத்துக் கத்தினாள். அம்மா அவளை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் அவர் முகத்தில் நான் காணவில்லை.

"மாமாவுக்குச் சொல்லாதை" என்றார்.

அடுத்த முறை மாமா வந்தபோது புது மாமியும் கூட வந்தார். மெலிந்து, உயரமாக, கைக்குட்டையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கலாம். பிள்ளைக்கு ஒரு பூப்போட்ட சட்டையும் சின்னச் சப்பாத்தும் கொண்டுவந்திருந்தார். சப்பாத்தைக் கண்டதும் அம்மா, "இது இப்ப தேவைப்படாது" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே வைத்தார். மாமி கைக்குட்டையைத் திரும்பவும் சுருட்டினார். மாமாதான் உற்சாகமாக இருந்தார். கிளிநொச்சியிலிருந்து வாடகைக்கு ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "எல்லாரும் இரணைமடுப் பார்க்குக்குப் போவம் அக்கா. பிள்ளை ஒருநாளும் வெளியிலை போனதில்லையெல்லே" என்றார்.

காரில் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. புட்டும் முட்டைப்பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டோம். புறப்படுகிற நேரத்தில் அம்மா பிள்ளையின் துணியை மறந்துவிட்டேன் என்று உள்ளே போனார், வந்தார், பிறகு தண்ணீர்ப் போத்தலுக்குப் போனார், பிறகு பிள்ளைக்குச் சூடாயிருக்கிறது, போகாமல் விடுவோமா என்று கேட்டார். ஐயா வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, ஏறும்" என்றார். வழி முழுக்க நான் காரின் ஜன்னலை அனுபவிக்கவில்லை. வாய்க்குள் அந்த ஒரு விஷயம் நெருஞ்சி முள்ளுப் போல இருந்தது. ரோட்டில் மாடு குறுக்கிட்டுக் கார் நின்றபோதெல்லாம், மாமா திரும்பி என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று குனிந்து காலைப் பார்த்துக்கொண்டேன்.

பார்க் என்று நாங்கள் சொன்னது இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே இருந்த பூந்தோட்டத்தை. செம்மண் பாதைகள், குரோட்டன் வேலி, இரண்டு ஊஞ்சல், சீமெந்து வாங்குகள், நிழலுக்குப் பெரிய மருதமரங்கள். தோட்டக்காரர் ஒருவர் நீண்ட ரப்பர் குழாயால் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மற்றக் குடும்பங்களின் பிள்ளைகள் புல்லில் உருண்டும் ஓடியும் திரிந்தார்கள். எங்கள் பிள்ளை அவர்களைப் பார்த்து, அம்மாவின் இடுப்பில் இருந்தபடி துள்ளினாள். மாமா, "விடுங்கோ அக்கா, புல்லுத்தானே" என்றார். "சாப்பிடட்டும் முதல்" என்றார் அம்மா. சாப்பிட்டு முடிந்தது. "நித்திரைக் கண் அவளுக்கு" என்றார். பிள்ளையின் கண்ணில் நித்திரையின் சாயலே இல்லை. மாமா அதற்கு மேல் வற்புறுத்தாமல், தண்ணீர் திறந்துவிடும் கதவுகளைப் பார்க்க ஐயாவோடு குளக்கட்டில் ஏறிப் போய்விட்டார்.

வாங்கில் அம்மாவும் மாமியும், நடுவில் சாப்பாட்டுப் பாத்திரங்களும். நான் கீழே புல்லில் இருந்தேன். மாமி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தொடங்கினார்.

"மச்சாள், ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கமாட்டீங்களே?"

"சொல்லும்."

"இவள் நடந்த உடனை கூட்டிக்கொண்டு வாறதெண்டு அவர் சொல்லிக்கொண்டு இருக்கிறார். எனக்குப் பிள்ளை தூக்கவே தெரியாது. எங்கடை வீட்டிலை நான்தான் கடைசி. ஒருத்தரையும் வளர்த்துப் பழக்கமில்லை. பகல் முழுக்க அவர் கந்தோரிலை. அந்த வீட்டிலை நான் தனிய இவளோடை என்ன செய்வன்? இவள் அழுதால் எனக்கு என்ன தெரியும்?" மாமியின் கைக்குட்டை சுருண்டு கயிறாகியிருந்தது. "இவள் நடக்கிறது இன்னும் கொஞ்சம் பிந்தவேணும் எண்டு பிள்ளையாருக்கு நேந்து வைச்சிருக்கிறன் மச்சாள்."

அம்மாவின் முகம் சிவந்தது. "என்ன கதை கதைக்கிறீர்?" என்றார். சத்தம் உயர்ந்ததில் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு பச்சைப் பிள்ளை நடக்கக்கூடாதெண்டு ஆரும் நேருவினமோ? கால் விளங்காமல் போனால் என்ன செய்வீர்? தாயில்லாத பிள்ளைக்கு இப்பிடியும் ஒரு நினைப்பு நினைப்பினமோ..."

அந்த இடத்தில் அம்மாவின் பேச்சு அறுந்தது. வாய் திறந்தபடி இருந்தது. மாமி குனிந்து அழுதுகொண்டிருந்ததால் அதைக் காணவில்லை. நான் கண்டேன். தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டிருந்த முகம் அது. அம்மா எழுந்தார். பிள்ளையோடு வாங்கைச் சுற்றி நடந்தார். வேலி மட்டும் போய்த் திரும்பி வந்தார். மரத்தடியில் நின்றார். திரும்பவும் நடந்தார். அவர் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலாக அவர் குளக்கட்டை அண்ணாந்து பார்த்து, ஊரே கேட்கக் கூப்பிட்டார்.

"தம்பி! டேய் தம்பி! ஓடி வா இஞ்சை!"

மாமா என்னவோ ஏதோ என்று பயந்து, கட்டுச் சரிவில் சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தார். பின்னால் ஐயா. மாமா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்வரை அம்மா பிள்ளையை விடவில்லை. அவர் வந்து நின்ற பிறகு, மாமியையும் எழும்பச் சொல்லிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் பிள்ளையைப் புல்லில் இறக்கினார். கால் பதியும்வரை பிடித்திருந்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிள்ளை நின்றாள். மாமா குந்தியிருந்து கையை நீட்டினார். அவள் அவரிடம் போகவில்லை. அம்மாவிடமும் வரவில்லை. தோட்டக்காரரின் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தது. அதிலிருந்து தண்ணீர் விசிறியடித்து வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் கண்டாள். எங்கள் எல்லாரையும் தாண்டி, புல்லையும் பாதையையும் தாண்டி, விழாமல், ஒருதரம் குந்தி எழும்பி, நேரே அந்தத் தண்ணீருக்குள் போய் நின்று சிரித்தாள்.

"நடக்கிறாள்! அக்கா, நடக்கிறாள்!" மாமாவுக்குக் குரல் கிழிந்தது. "முதல் முதல் நடக்கிறாள்!"

"ஓம் தம்பி" என்றார் அம்மா. "இண்டைக்குத்தான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

மாமிதான் முதலில் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினார். சேலை நனைந்தது. பிள்ளையை நெல்மூட்டையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். பிள்ளை நழுவிக்கொண்டிருந்தாள். அம்மா போய் அவரைத் திருப்பி நிறுத்தி, "இடுப்பிலை வையும். இடுப்பைக் கொஞ்சம் வெளியாலை விடும். கையை இப்பிடிச் சுத்திப் பிடியும். ஆ, அப்பிடித்தான். இனி அவள் விழமாட்டாள்" என்றார். காரில் திரும்பும்போது பிள்ளை மாமியின் மடியில் ஈரச் சட்டையோடு நித்திரையாகிவிட்டாள். அம்மா தன் வெறும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், புட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார்.

அடுத்த மாதம் பிள்ளையை அநுராதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவும் கூடப் போனார். பிள்ளை மாமியோடு ஒட்டும்வரை நிற்கப்போவதாகச் சொன்னார். வீட்டில் ஐயாவும் நானும் சோற்றைக் குழைய விட்டும் கருக விட்டும் சாப்பிட்டோம். ஆளற்ற ஏணை கூரை வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யார் கழற்றுவது என்று தெரியாமல் இருவரும் குனிந்து குனிந்து அதற்குக் கீழால் போய் வந்தோம். அம்மா திரும்பி வந்த அன்று கிளிநொச்சி ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் போனோம். அம்மா ஒரு சின்னப் பெட்டியோடு இறங்கி மேடையில் நின்றார். தூரத்திலிருந்து பார்த்தபோது அவர் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பு வெளியே தள்ளி, இன்னும் ஒரு பிள்ளையைத் தாங்கிக்கொண்டு நிற்பவர் போல இருந்தது. கிட்டப் போனதும் ஐயா பெட்டியை வாங்கிக்கொண்டு, "ஒட்டிவிட்டாளோ?" என்று கேட்டார். "நான் வெளிக்கிடேக்கை திரும்பியும் பார்க்கேல்லை" என்றார் அம்மா. அதில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் பள்ளிக்கூட விடுமுறைக்கு எங்களிடம் வருவாள். அம்மாவை முறைப்படி மாமி என்று கூப்பிடுவாள். மாமா தன் வாழ்நாள் முழுவதும் அந்தக் கதையைச் சொன்னார். தீபாவளிக்கு, திருவிழாவுக்கு, கடைசியில் அவளுடைய கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியாருக்கு: "என்ரை மகள் முதல் முதல் நடந்தது இரணைமடுப் பார்க்கிலை, எங்கடை கண்ணுக்கு முன்னாலை." ஒவ்வொரு தடவையும் அம்மா, "ஓம், நீ போட்ட சத்தத்திலை மரத்திலை இருந்த குரங்கெல்லாம் ஓடினது" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு உடனே எழும்பிவிடுவார். ஏதாவது வேலை இருக்கும். என்னோடு தனியே இருக்கும்போதுகூட அம்மா அதைப் பற்றிப் பிறகு கதைத்ததே இல்லை. அம்மா போனார், ஐயா போனார், மாமாவும் போனார். இடையில் எத்தனையோ இடம்பெயர்வுகள். நான் இப்போது வவுனியாவில் இருக்கிறேன். அவள் கனடாவில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள்.

போன மாதம் அவள் போன் எடுத்தாள். அவளுடைய அம்மா, என்னுடைய அந்தப் புது மாமி, தொண்ணூறை நெருங்கி இருந்து காலமாகி முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கதைத்தோம். பிறகு அவள் கேட்டாள்:

"மச்சாள், அம்மா கடைசி நேரத்திலை ஒரு கதை சொன்னவா. பார்க்கிலை நான் நடந்தது புது நடை இல்லையாம். குந்தி எழும்பினனானாம். முதல் நடக்கிற பிள்ளை அப்பிடி எழும்பாதாம். பிறகு என்ரை தம்பி பிறந்து நடந்தபோதுதான் தனக்கு அது விளங்கினதாம். 'உன்ரை மாமி எங்களுக்கெண்டு தந்ததை நான் ஏன் இல்லையெண்டு சொல்லுவான்' எண்டு அப்பாட்டைக்கூடச் சொல்லாமல் இருந்தவாவாம். உண்மையோ?"

இவ்வளவு காலமும் இந்த வீட்டில் ஒருத்தியும் அந்த வீட்டில் ஒருத்தியும் ஒரே விஷயத்தை, மற்றவளுக்குத் தெரியும் என்று தெரியாமல், பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். போனோடு வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். சொல்லாதை என்று சொன்ன ஆள் இல்லை. யாருக்குச் சொல்லாதை என்றாரோ அந்த ஆளும் இல்லை.

"ஓம்" என்றேன். "எங்கடை குசினியிலை நடந்தனீ. அம்மாவிட்டைத்தான் வந்தனீ."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவளுடைய குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது: "பொறுங்கோ மச்சாள், இவன் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிறான். விழப்போறான், விழப்போறான்..." போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள். நான் வைக்கவில்லை. காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஒரு நாட்டின் பலகைத் தரையில், ஒரு பிள்ளையின் காலடி விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.